கறுப்பு ஜிப்போவா, வியட்நாம் ஜிப்போவா?

ஜிப்போ என்பது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் லைட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கறுப்பு ஜிப்போ ஒன்று, வியட்நாம் போரில் அமெரிக்க வீரர் ஊரும் ஆண்டும் பொறித்த ஜிப்போ ஒன்று. கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். நான் வியட்நாம் லைட்டரை வாங்கினேன். பற்றவைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

கறுப்பு ஜிப்போ அழகானதுதான். பித்தளை போர்த் தேவைக்குப் போய்விட்டதால் எஃகில் செய்து சொரசொரப்பான கறுப்புப் பூச்சு கொடுத்தார்கள். ஆனால் வீரர்கள் அதில் கீறியது பெரும்பாலும் பெயரோ முதலெழுத்தோதான். அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? பூச்சையும் புதிதாக அடித்துவிடலாம். மறுபூச்சைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நான் இவற்றைக் கையாண்டதில்லை.

வியட்நாம் லைட்டர்களில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. ஹோ சி மின் நகரச் சந்தைகளில் இன்றும் விற்கிறார்கள். ஆனாலும் சோதிக்க வழி இருக்கிறது. நான் அந்தப் பக்கம் சாய்ந்தது அதனால்தான். அடியில் நிறுவனப் பெயரின் இருபுறமும் செங்குத்துக் கோடுகள் இருக்கும். 1966இல் மொத்தம் எட்டு. ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1973இல் ஒன்று. தென் வியட்நாமின் கூ சி என்ற ஊரைக் குறித்து 'கூ சி 68-69' என்று பொறித்த லைட்டரின் அடியில் மூன்று கோடுகள் இருந்தால் அது 1971இல் செய்தது. பேரம் பேசாமல் எழுந்துவிடலாம். கோடு பொருந்தினால் அடுத்து படைப்பிரிவைப் பாருங்கள். அமெரிக்காவின் 25ஆவது காலாட்படை டிவிஷனின் தளம் 1966 முதல் 1970 வரை கூ சியில் இருந்தது. பணிக்காலம் பொதுவாக ஓராண்டு என்பதால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளைப் பொறிப்பது வழக்கம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், அசல் 1968 லைட்டரில் போன மாதம் பொறித்திருக்கலாம். கோடு வெளிப்புற உலோக உறையின் வயதைத்தான் சொல்லும், எழுத்தின் வயதை அல்ல. ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டாயம். சட்டைப்பையில் உரசி உரசிக் குரோம் பூச்சும் எழுத்தின் விளிம்பும் சேர்ந்தே மழுங்கியிருக்க வேண்டும். பழைய கீறலை வெட்டிக்கொண்டு எழுத்து கூர்மையாக ஓடினால் அது பின்னால் வந்த எழுத்து. திரியும் சக்கரமும் உள்ள உள்பகுதி வேறு ஆண்டினதாக இருப்பதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். பழுதானதை நிறுவனமே இலவசமாகச் சரிசெய்தும் மாற்றியும் கொடுத்தது.

வசனம் நீள நீள எனக்குச் சந்தேகமும் கூடுகிறது. காரமான வாசகங்கள் பொறித்த அசல்கள் நிறைய உண்டு; ஆனால் விலைபோவது அவைதான் என்பதால் போலி செய்பவர்களும் அவற்றையே பொறிக்கிறார்கள். 1965 ஆகஸ்டில் காம் நே கிராமத்துக் குடிசைக்கு அமெரிக்க மரைன் ஒருவர் லைட்டரால் தீ வைத்ததைத் தொலைக்காட்சியே காட்டியது. அதை அறிந்த பிறகு வீரவசனம் பொறித்ததை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஊர், ஆண்டு, படைச்சின்னம் மட்டும் உள்ளதையே எடுத்தேன். மறுவிற்பனையில் இது குறைவாகப் போகலாம். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.