லார்டா, எமர்சனா, பேங்க்ஸா? ராக் கீபோர்டின் ஆறு பேர், ஓர் அலசல்

ராக் கீபோர்டில் யார் பெரியவர் என்ற சண்டை எப்போதும் விரல் வேகத்தில்தான் போய் முட்டி நிற்கும். அந்த அளவுகோலை எடுத்தால் கீத் எமர்சனும் ரிக் வேக்மனும் ஜெயித்துவிடுவார்கள், பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார். இதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குழுவில் கூட வாசித்தவர் யார், இல்லாமல் போனவர் யார்? டீப் பர்ப்பிளில் ஜான் லார்டுக்குப் பக்கத்தில் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் நின்றார். எமர்சனின் குழுவான எமர்சன், லேக் அண்ட் பால்மரில் முழுநேரக் கிட்டார்காரரே கிடையாது. ரே மான்ஸரெக்கின் டோர்ஸ் குழு மேடையில் பேஸ் கிட்டார் இல்லை. இதை மனதில் வைத்துக் கேட்டால், ஒவ்வொருவரும் ஏன் அப்படி வாசித்தார் என்பது தானே விளங்கும்.

லார்டும் எமர்சனும்

இருவருக்கும் அடித்தளம் ஹாமண்ட் சி3 ஆர்கன். உள்ளே 91 பல்சக்கரங்கள், 61 கட்டைகள் கொண்ட இரண்டு வரிசை, ஒலியின் நிறத்தைக் கூட்டிக் குறைக்க 9 டிராபார்கள். இதே கருவியிலிருந்து இருவரும் எதிரெதிர் திசையில் போனார்கள்.

லார்ட் ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டார். அதனால்தான் 1972-ல் வந்த 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டில்) கிட்டார் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒலியைக் கிழிக்கும் இந்த டிஸ்டார்ஷன் சும்மா வராது. இரண்டு சுரங்கள் சேர்ந்து அதற்குள் போனால், அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக வெளியே வரும். ஒரு சுரத்தோடு அதன் ஐந்தாம் சுரமோ எட்டாம் சுரமோ என்றால் அந்தப் புதிய ஒலிகள் மூல சுரங்களோடு ஒத்துப்போகும். மேஜர், மைனர் மூன்றாம் சுரத்தை கீழ் ஸ்தாயியில் வைத்தால் சேறாகிவிடும். லார்டைப் பின்பற்றுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்: இடக்கையில் முழுக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) பிடிப்பார்கள். நடு சி-க்குக் கீழே வெறும் ஐந்தாம் சுரமும் எட்டாம் சுரமும் போதும். முழுக் கார்டை அதற்கு மேலே வைத்துக்கொள்ளலாம்.

டிராபாரில் முதல் மூன்றையும் 8 வரை இழுத்து, மற்றவற்றை உள்ளே தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். பேஸ் கிட்டாரோடு மோதினால் முதல் டிராபாரை 4-க்குக் குறையுங்கள். சுரத்தின் தொடக்கத்தில் 'டொக்' என்று தட்டும் பர்கஷனைப் போட்டால் பழைய ஹாமண்டில் மேல் வரிசையின் 9-வது டிராபார் ஊமையாகிவிடும். அது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. இன்னொரு விஷயம்: எல்லாக் கட்டைகளையும் விட்ட பிறகு அழுத்தும் முதல் சுரத்துக்கு மட்டும்தான் அந்த 'டொக்' வரும். ஒட்டி ஒட்டி வாசித்தால் காணாமல் போய்விடும். ஆகவே எந்த சுரத்துக்கு அழுத்தம் வேண்டுமோ அதற்கு முன்னால் விரலைச் சுத்தமாகத் தூக்க வேண்டும். எஃபெக்ட் வரிசையில் டிஸ்டார்ஷன் முதலில், லெஸ்லி எனும் சுழலும் ஒலிபெருக்கி அடுத்து, ரிவெர்ப் கடைசி. ரிவெர்பை முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கிழியும்.

லெஸ்லியின் கொம்பு மெதுவாக நிமிடத்துக்குச் சுமார் 40 முதல் 50 சுற்று, வேகமாகச் சுமார் 400 சுற்று. கீழேயுள்ள பேஸ் உருளை கனமானது, வேகம் பிடிக்கப் பல விநாடிகள் ஆகும். நீட்டிய கார்டின் உச்சத்தில் சுழல் பொங்க வேண்டுமென்றால் ஸ்விட்சை அதற்கு முன்பே தட்டிவிட வேண்டும்.

எமர்சன் விஷயம் வேறு. கிட்டார் இல்லாததால் ரிஃப், துணை, சோலோ மூன்றும் அவர் தலையில். அவருடைய உண்மையான சொத்து இடக்கை. 1971-ன் 'டார்கஸ்' தொடக்கத்தில் 5 தாள அடிச் சுழற்சி இடக்கையில் விடாமல் ஓட, வலக்கை நான்காம் சுரங்களை அடுக்கிக்கொண்டே போகும். சி, எஃப், பி ஃபிளாட் என்று அடுக்கினால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. எனவே கீழே ஓடும் சுழற்சியை மாற்றாமலே அந்த அடுக்கை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பழக வேண்டுமானால் இடக்கையை மட்டும் பாதி வேகத்தில், மெட்ரோனோமோடு, 2 நிமிடம் பிசகாமல் ஓட்டுங்கள். வலக்கை அதற்கப்புறம்தான். இரண்டையும் சேர்த்தே தொடங்கினால் வலக்கையின் அழுத்தம் இடக்கைக்குத் தொற்றி 5 அடி தள்ளாட ஆரம்பிக்கும்.

1970-ல் 'லக்கி மேன்' முடிவில் வரும் மூக் சின்தசைசர் சோலோவும் சுர எண்ணிக்கையால் பேசப்படவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அந்தப் போர்ட்டமெண்டோதான் காதில் நிற்கிறது. அந்த மூக் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அறைச் சூடு மாறினால் சுருதியும் மாறும். அதை மேடை மேடையாகக் கொண்டுபோனதே ஒரு துணிச்சல். எல்100 ஆர்கனின் கட்டைகளுக்கு நடுவே கத்தி செருகியதை வெறும் வித்தை என்று ஒதுக்குகிறார்கள். கட்டை அழுந்தியே இருப்பதால் சுரம் தொடர்ந்து ஒலிக்கும், இரண்டு கையும் விடுதலை. வித்தையும்தான், இல்லையென்று சொல்லவில்லை.

கிட்டாரோடு ஒரே குழுவில் வாசிக்கிறவருக்கு லார்ட்தான் வாத்தியார். எமர்சன் பாணியை அப்படியே கிட்டார் குழுவுக்குள் கொண்டுபோனால் இருவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள்.

வேக்மனும் பேங்க்ஸும்

வேக்மன் கை சுத்தம், பிருகா போல உருளும் ஓட்டம். ஆனால் அவருடைய மேதைமைக்குச் சாட்சி தேடினால் யெஸ் குழுவின் சோலோக்களைவிட டேவிட் போவியின் 'லைஃப் ஆன் மார்ஸ்?' பியானோவைத்தான் காட்டத் தோன்றுகிறது. 1971. பாடகர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் நுழைகிறார், உச்சத்துக்குப் படி படியாகத் தூக்கிக் கொடுக்கிறார்.

அவருடைய மினிமூக் ஓட்டங்களைப் புதிய சின்தசைசரில் வாசிக்கிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மினிமூக்கில் இரண்டு கட்டை அழுந்தியிருந்தால் கீழ்ச்சுரம்தான் ஒலிக்கும். ஏறும் ஓட்டத்தில் முந்தைய விரல் கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்த சுரம் வாயே திறக்காது. மாறாக, மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கட்டையைத் தட்டினால் இலவசமாக ஒரு நடுக்கம் கிடைக்கும். இப்போதைய கருவிகள் பெரும்பாலும் கடைசியாக அழுத்திய சுரத்துக்கு முன்னுரிமை தருகின்றன. அமைப்பில் அதைக் கீழ்ச்சுர முன்னுரிமைக்கு மாற்றினால்தான் அந்த விரல் ஒழுக்கம் வரும்.

டோனி பேங்க்ஸ் வேகத்தில் வேக்மனுக்கு ஈடில்லை. கார்டு நகர்த்தலில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது இந்த அலசலின் பிடிவாதமான கட்சி. ஜெனசிஸின் 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' (1972) மெல்லோட்ரான் தொடக்கத்தைக் கேளுங்கள். மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு, சுமார் 8 விநாடி ஓடும், முடிந்ததும் மௌனம். கட்டையை விட்டால் டேப் திரும்பிப் போகும். முழுதாகத் திரும்புவதற்குள் மறுபடி அழுத்தினால் சுரத்தின் தொடக்கம் வெட்டுப்படும். ஆகவே நீண்ட கார்டுகளை ஒரு விரல் ஒரு விரலாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்துதான் கனத்து நகரும் அந்த நடை பிறக்கிறது. இன்றைய சாம்பிளில் 20 விநாடி ஒரே கார்டைப் பிடித்து வைப்பதால்தான் நகல்கள் உயிரற்றுக் கிடக்கின்றன. லூப்பை அணைத்துவிட்டு 8 விநாடிக் கட்டுப்பாட்டோடு வாசித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

'தி சினிமா ஷோ'வின் 7/8 தாள சோலோவில் ஏஆர்பி புரோ சோலோயிஸ்ட் சின்தசைசர். கட்டையை அழுத்திய பிறகு இன்னும் அமுக்கினால் ஒலி நெளியும். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'தில் தான் எழுதிய மெட்டைப் பெரிய கிட்டார் சோலோவாக ஸ்டீவ் ஹாக்கெட்டுக்கு விட்டுக்கொடுக்கிறார். கீபோர்டுகாரர்களில் இந்த மனசு அபூர்வம்.

ரைட், மான்ஸரெக்

ரிச்சர்ட் ரைட்டின் வேலை டேவிட் கில்மரின் கிட்டாருக்குப் பின்னால் வானத்தைப் பரப்புவது. 1971-ன் 'எக்கோஸ்' தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றைச் 'டிங்' பியானோவின் ஓர் உச்ச சுரம், லெஸ்லி வழியாக. 'பிரீத்' பாட்டில் டி7 ஷார்ப் 9 கார்டை மைல்ஸ் டேவிஸிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 'மனி'யில் வுர்லிட்சர் பியானோவை வா-வா பெடலுக்குள் விட்டார். ரைட்டை வாசிக்கும்போது கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்: எதிரொலி இன்னும் ஓடிக்கொண்டிருக்க அடுத்த கார்டுக்குத் தாவி, இரண்டும் கலந்து முரண்படும். கார்டு மாறும்போது பொது சுரங்களை அப்படியே பிடித்துக்கொண்டு மாற வேண்டிய விரலை மட்டும் நகர்த்துங்கள், சஸ்டெய்ன் பெடலை மறந்துவிடுங்கள்.

ரே மான்ஸரெக்கின் வலக்கையில் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன், இடக்கையில் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ். அந்த பேஸ் கருவியில் 32 கட்டைகள்தான். 'லைட் மை ஃபயர்' சோலோ ஏ மைனர் 7, பி மைனர் 7 என்ற இரண்டே கார்டுகளின் மேல் நீளுகிறது. அதைத் தாங்குவது இடக்கையின் அசையாத சுழற்சி. பியானோ பேஸில் சுரத்தின் தொடக்கம் மழுங்கலானது, மேடையில் பரவாயில்லை, ஸ்டுடியோவில் எடுபடாது. இந்தப் பாட்டின் ஒலிப்பதிவில் லாரி நெக்டெல் பேஸ் கிட்டாரால் அதே வரியை இரட்டித்தது அதற்காகத்தான். மேடையில் மான்ஸரெக் வேலையைச் செய்ய நினைப்பவர் இடக்கைக்குத் தொடக்கம் கூர்மையான பேஸ் ஒலியைத் தேர்ந்து, கீபோர்டை இரண்டாகப் பிரித்து, ரிவெர்ப் வலக்கைப் பக்கத்துக்கு மட்டும் போகும்படி அமைக்க வேண்டும்.