தேக்குத் தரையா, ஆத்தங்குடிக் கல்லா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் பலருக்கு, தரைக்குத் தேக்குப் பலகை போடுவதா, பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல் பதிப்பதா என்ற குழப்பம் இருக்கிறது.

செலவு

மரம்: கடையில் சொல்லும் சதுர அடி விலை பலகைக்கு மட்டும்தான். வெட்டுச் சேதத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். தளத்தைச் சமன் செய்வது, ஈரத்தடுப்பு விரிப்பு, கரையான் மருந்து, ஓரச்சட்டம், இழைப்பு, மெருகு எல்லாம் தனிக்கணக்கு. தரை உயர்வதால் கதவுகளின் அடியையும் சீவ நேரிடும். இதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கல்: உள்ளூர் மணலும் சிமெண்டும் நிறப்பொடியும் கண்ணாடிமேல் வார்க்கப்படுகின்றன, சூளை கிடையாது. பக்கத்து ஊர் என்பதால் வண்டிக்கூலி சொற்பம். கல்லைப் பதிக்கும் தேர்ந்த கொத்தனாருக்குக் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள்.

பராமரிப்பு

மரம்: தண்ணீர் தேங்கினால் உப்பும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெருகேற்ற வேண்டும்.

கல்: மிதிக்க மிதிக்கப் பளபளக்கும். எலுமிச்சைச் சாறும் அமிலமும் மட்டும் ஆகாது.

மழைச்சாரல் விழும் முற்றத்தை ஒட்டிய வளவுக்கும் (உள்தாழ்வாரம்) முகப்புக்கும் கல்தான் என்பேன், தயக்கமே இல்லை. ஈரம் அண்டாத மாடிப் படுக்கையறைக்கு, பராமரிக்கப் பணமும் மனமும் இருந்தால், தேக்கு.