ஒரு ஸ்பேஸால் வீணான மத்தியானம்: மேட்லேப்போடு பத்து வருஷம்

பத்து வருஷத்துக்கு மேலாக மேட்லேப் என்கிற கணக்கீட்டு மென்பொருளை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. அதிர்வு சென்சார் தரும் சிக்னல்களை அலசுவது என் வேலை. வேறு கருவிக்கு மாறத் தோன்றியதே இல்லை. ஆனால் இதன் தொடரியல், அதாவது கட்டளை எழுதும் விதிகள், அவ்வப்போது காலை வாரிவிடும், அதுவும் சத்தமில்லாமல்.

முதல் அடி ஸ்பேஸில் விழுந்தது. அடுத்தடுத்த அளவீடுகளின் வித்தியாசத்தை எடுக்க, சிக்னலை வடிகட்டும் ஃபில்டருக்கு [1 -1] என்று கெழுக்களை, அதாவது பெருக்கும் எண்களை, கொடுப்போம். ஒருநாள் பழைய ஸ்கிரிப்டை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாக் குறிகளுக்கும் இருபுறமும் இடம் விட்டேன். அது [1 - 1] ஆகிவிட்டது. ஓட்டிப் பார்த்தால், வரைபடத்தில் தரையோடு தரையாக ஒரு கோடு. எரர் எதுவும் இல்லை. சென்சார்தான் போய்விட்டது என்று கேபிளைக் கழற்றி மாட்டி, ஆம்ப்ளிஃபையரையும் மாற்றி, மத்தியானமே போய்விட்டது.

விஷயம் இவ்வளவுதான்: சதுர அடைப்புக்குள் ஸ்பேஸும் கமா மாதிரி ஒரு பிரிப்பான். கழித்தல் குறிக்கு முன்னால் இடம் விட்டு, பின்னால் எண்ணை ஒட்டி எழுதினால் அது மைனஸ் ஒன்று, ஆக இரண்டு உறுப்புகள். இருபுறமும் இடம் விட்டாலும், விடாமலே எழுதினாலும் அது கழித்தல், மிஞ்சுவது ஒரே ஒரு பூஜ்யம். பூஜ்யத்தால் வடிகட்டினால் வேறென்ன வரும்? தப்பு என்னுடையதுதான். 1970களின் பிற்பகுதியில் பேராசிரியர் கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதாமலே மேட்ரிக்ஸ் (எண் அட்டவணை) கணக்குகளுக்கான லின்பேக், ஐஸ்பேக் நிரல் நூலகங்களைப் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கியது இது. தாளில் மேட்ரிக்ஸ் எழுதும்போது யார் கமா போடுகிறார்கள்?

3 < 10 < 5 என்று கேட்டுப் பாருங்கள், உண்மை என்று 1 வரும். முதல் பாதி உண்மை, அதாவது 1. அந்த 1, 5-ஐ விடச் சின்னது. இதற்காவது எடிட்டர் எச்சரிக்கிறது. அடுக்குக்கு மேல் அடுக்காக 2^3^2 என்று எழுதினால், இங்கே இடமிருந்து கணக்காகி 64. பைத்தான் மொழியில் இரட்டை நட்சத்திரம் போட்டுக் கேட்டால், வலமிருந்து கணக்காகி 512. டிரான்ஸ்போஸ் (கிடைவரிசையை நெடுக்காக மாற்றுவது) என்று நினைத்துப் போடும் ஒற்றை மேற்கோள் குறி, கலப்பெண்களில் கற்பனைப் பகுதியின் குறியையும் சேர்த்து மாற்றிவிடும். சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றத்துக்குப் பிறகு ஃபேஸ் (அலையின் கட்டம்) தலைகீழாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள். அந்த மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது 2016-இன் இரண்டாம் பதிப்பில் வந்த மாற்றம்தான். அதுவரை கிடையாக 1000 எண்ணையும் நெடுக்காக 1000 எண்ணையும் கூட்டினால் அளவு பொருந்தவில்லை என்று எரர் வரும். இப்போது கேட்காமலே 1000-க்கு 1000 மேட்ரிக்ஸ் ஒன்றைச் செய்து நீட்டுகிறது. 20,000 அளவீடுகளை இப்படி மறதியாகக் கூட்டினால் 3.2 ஜிபி நினைவகம் காலி; லேப்டாப் திணறும்போதுதான் உறைக்கும். பல இடங்களில் லூப்பே வேண்டாமல் செய்கிற வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய எரர் என்னை எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது.

இப்போதெல்லாம் கமா இல்லாமல் வெக்டர் எழுதுவதில்லை. "கமா என்ன சும்மா கிடைக்குதாண்ணா, இப்படி அள்ளித் தெளிக்கிறீங்க?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கிண்டலடிப்பான். அன்றைக்குக் கழற்றிய ஆம்ப்ளிஃபையர் என் டிராயரில்தான் கிடக்கிறது. ஒரு கோளாறும் இல்லாமல்.