மகளுக்கு 16 மாதம் சத்துப் பவுடர் கொடுத்த அனுபவம்

ஆரம்பித்தபோது என் மகளுக்கு 2 வயது 8 மாதம். பால்வாடியில் எடை போட்டால் 10.2 கிலோ, உயரம் 85 செ.மீ. டீச்சர் வளர்ச்சி அட்டையில் வைத்த எடைப் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், விழுங்க மாட்டாள். ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் பிறந்து மீன் தின்னாத பிள்ளையா என்று கேட்காத ஆள் இல்லை. பயந்துபோய், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கென்றே விற்கும் சத்துப் பவுடர் ஒன்றை வாங்கினேன்.

வெனிலா வாசனைக்கு மடமடவென்று குடித்தாள். காலையில் ஒரு டம்ளர், மதியம் சோறு இறங்கவில்லையே என்று ஒன்று, படுக்கும்போது ஒன்று. 3 மாதத்தில் 600 கிராம் கூடியது. பவுடர் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், எடை ஏறத்தான் செய்தது. ஆனால் உயரம் 1 செ.மீ. கூட ஏறவில்லை. நாலு வாய் சோறு இரண்டு வாய் ஆனது. "பாலக் குடிச்சே வயித்த ரொப்பிட்டா, சோத்துக்கு எங்கத்தா எடம்?" என்றார் மாமியார். அப்போது நான் காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இல்லை. டப்பாவை இழுத்துப் பிடிக்க, ஐந்து கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி போட்டுத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தேன். இதை யாரும் செய்யாதீர்கள். வயிறு மட்டும் நிறையும், உள்ளே சத்து போகாது. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அந்த நாட்களில்தான் அவள் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி நக்குவதைப் பார்த்தேன். சேட்டை என்று நினைத்து அதட்டினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அதைக் கேட்டதுமே கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாதாம். ரத்தசோகை இருந்தால் பசி மந்தமாகும், மண்ணும் சுண்ணாம்பும் தின்னத் தோன்றும் என்றார். டப்பாவில் இரும்புச்சத்து என்று போட்டிருந்ததை நம்பிக்கொண்டிருந்தேன். அது ரத்தசோகையைத் தீர்க்கிற அளவு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூச்சி மாத்திரை ஒன்று, 3 மாதத்துக்கு இரும்புச்சத்து சிரப். சிரப்பைப் பாலோடும் டீயோடும் கொடுக்கக் கூடாது, உடம்பில் சரியாகச் சேராது. நான் சாத்துக்குடிச் சாற்றோடு கொடுத்தேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சில நாள் மலச்சிக்கல் இருந்தது, அப்புறம் சரியானது.

பவுடரை மாலை 4 மணிக்கு ஒரே டம்ளர் என்று குறைத்தேன், சரியான அளவில். படுக்கும்போது கொடுப்பதை அடியோடு நிறுத்தினேன். மேல் முன்பல் இரண்டில் பழுப்பு விழுந்ததற்கு அந்த இனிப்புத்தான் காரணம் என்பது என் எண்ணம். முதல் வாரம் அழுது தீர்த்தாள். ஒரு மாதம் கழித்து ஒரு மதியம், நாங்கள் சாப்பிடும்போது அவளே வந்து என் தட்டில் கை வைத்தாள். சூடை மீனில் முள் எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, ரசச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கினாள்!

அப்புறம் நெத்திலிக் கருவாட்டை அலசிக் காயவைத்து, வறுத்துப் பொடித்து, ஒரு சிட்டிகை சோற்றில் கலக்க ஆரம்பித்தேன். முள்ளோடு பொடிப்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். உப்பு போக மூன்று தண்ணீராவது அலச வேண்டும். பால்வாடி சத்துமாவில் கருப்பட்டிப் பாகு விட்டு உருண்டை பிடித்தால் இரண்டு தின்கிறாள்.

இப்போது 4 வயது. 13.1 கிலோ, 95 செ.மீ. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு 2 கிலோ, 6, 7 செ.மீ. ஏறினாலே நல்ல வளர்ச்சி என்று நர்ஸ் சொன்னார். இன்னும் ஒல்லிதான், ஆனால் புள்ளி கோட்டுக்கு மேலே வந்துவிட்டது.

காய்ச்சலில் கிடந்து தேறும் பிள்ளைக்குக் கொஞ்ச நாள் இந்தப் பவுடர் உதவும். சாப்பிடாத பிள்ளைக்கு வாங்க நினைப்பவர்கள், டப்பாவுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பாருங்கள். என்னிடம் கடைசி டப்பாவில் கால்வாசி மீதி இருக்கிறது, அடுத்தது வாங்கவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் படகு நின்றுவிடும், அதற்குள் 2 கிலோ நெத்திலி காயவைக்க வேண்டும்.