தர்மபுரில அப்பாவுக்கு எடுத்த கால் நரம்பு டெஸ்ட், எப்படி இருந்துச்சு

வீட்ல சுகர் இருக்கிறவங்க யாராவது இருந்தா இத கண்டிப்பா படிங்க. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கிற தூரத்துல இருக்கிற ஒரு சுகர் கிளினிக்ல அப்பாவுக்கு கால் நரம்பு டெஸ்ட் எடுத்தோம், டெஸ்ட் அருமையா பண்றாங்க, அதுக்கப்புறம் விவரம் சொல்றதுல தான் கோட்டை விடுறாங்க.

அப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி தோட்டத்துல வருஷம் பூரா வெறுங்கால்லயே நடக்கிறவரு. பாதம் மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு.

டெஸ்ட் பண்ற நர்ஸ் அக்கா ரொம்ப பொறுமை. கைப்பிடில ஒரு நைலான் இழை இருக்கு, 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும், அவ்ளோதான் கருவி. மொதல்ல அப்பா கைல வெச்சு காட்டிட்டு, கண்ண மூடிக்கங்க, காலைத் தொட்டா சொல்லுங்கன்னாங்க. இடது கால்ல டக்குனு சொல்லிட்டாரு. வலது கட்டைவிரல்ல இழை நல்லா வளைஞ்சு நிக்குது, இவரு "எப்பம்மா வைப்ப?"ன்னு கேக்குறாரு, "வெச்சு எடுத்துட்டேன்யா"ன்னாங்க, எனக்கு வயித்த கலக்கிடுச்சு. காய்ப்பு பிடிச்ச இடத்த விட்டுட்டு பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க, அதான் சரியான முறை, தடிச்ச தோல்ல வெச்சா ரிசல்ட் தப்பா வரும். அப்புறம் 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (தட்டினா அதிர்ற இரும்புக் கவை), அதிர்வ கொஞ்சம் கொஞ்சமா கூட்டிப் பாக்குற அதிர்வு மெஷின். அந்த மெஷின்ல 25 வோல்ட்டுக்கு மேல போனா தான் அதிர்வு தெரியுதுன்னா கால்ல புண்ணு வர ரிஸ்க் அதிகம், அப்பாவுக்கு வலது கால் அதத் தாண்டிடுச்சு.

இந்த தொடு உணர்ச்சி எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சவர் ஆர்டெம் பட்டாபூட்டியன்னு ஒரு விஞ்ஞானி. ஒரு உயிரணுவ (செல்) கண்ணாடி ஊசியால குத்தினா கரண்ட் சிக்னல் வருது, அதுக்கு எந்த ஜீன் காரணம்னு 72 ஜீன எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்து, 2010ல பியெசோ1னு ஒண்ணப் புடிச்சாங்க, நம்ம தொடு நரம்புல இருக்கிறது அதோட ஜோடி பியெசோ2. 2021 நோபல் பரிச இவரும் டேவிட் ஜூலியஸும் பங்கு போட்டுக்கிட்டாங்க, ஜூலியஸ் மிளகா காரத்த வெச்சே சூட்ட உணர்ற சென்சார 1997ல கண்டுபிடிச்சவரு, அது 43 டிகிரி வாக்குல திறக்கும். இத ஏன் சொல்றேன்னா தொடுறதுக்கு ஒரு சென்சார், சூட்டுக்கு வேற சென்சார், சிக்னல் போற நரம்பும் வேற, தொடுறது தடிச்ச நரம்புல போகும், சூடு மெல்லிசுல போகும். அதனால இழை டெஸ்ட் பாஸானாலும் சூடு தெரியாமப் போகலாம்.

என் குறையே இங்க தான். சூடு-குளிர் டெஸ்ட் அங்க இருக்கு, ஆனா நாம கேட்டா தான் பண்றாங்க. மதியம் தார் ரோட்டுல வெறுங்கால்ல நடக்கிற மனுஷனுக்கு அது எவ்ளோ முக்கியம்! கேட்டு எடுத்தோம், வலது கால்ல அதுவும் கம்மி தான். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், டாக்டர் சுகர குறைங்க, செருப்பு போடுங்கன்னு ரெண்டே வார்த்தைல முடிச்சுட்டாரு. உடம்புலயே நீளமான நரம்பு தான் மொதல்ல அடிவாங்கும், அதான் பாதத்துல ஆரம்பிக்குதுன்னும், ராத்திரி பாதத்த வீட்ல யாராவது பாக்கணும், வெந்நீர் சூட்ட வேற ஆள் தொட்டுப் பாத்துட்டு ஊத்தணும்னும் சொன்னது அந்த நர்ஸ் அக்கா தான்.

எம்சிஆர் செருப்பும் (சுகர்காரங்க காலுக்குன்னு மெத்து ரப்பர்ல செய்யுறது) அங்கயே தராங்க, மெத்துனு இருக்கு. எங்களுக்கு குடுத்ததுல பின்பட்டை இல்ல, சேத்துல கழண்டாக்கூட அப்பாவுக்கு தெரியல, அதனால பின்பட்டை வெச்சதா கேட்டு வாங்குங்க.