86,500 ரூபாய்க்கு ஒரு கொசு: விமான டிஸ்பிளேயைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். விஷயம் நேற்றுச் சாயங்காலம்தான் முழுசாகத் தெரிந்தது. 86,500 ரூபாய் போய்விட்டது.

எனக்கு ஊர் குப்பம். ஆந்திராதான், ஆனால் ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகம். நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு இரண்டு இருக்கை மைக்ரோலைட் விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். பழையது, ரோடாக்ஸ் 912 இன்ஜின். வேகம், உயரம், ஆயில் அழுத்தம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுவது ஏழு அங்குல டிஸ்பிளே ஒன்று.

மழைக்காலம் முடிந்ததும் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அணைந்து எழும். அந்த நேரம் பேட்டரி வோல்டேஜ் இறங்கும், சகஜம்தான் என்று விட்டோம். அப்புறம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போனது. ஏதாவது சென்சார் போனால் அந்த இடத்தில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி வரும், மற்றதெல்லாம் தெரியும். மொத்தமாகக் கறுத்தால் முதலில் கரன்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் டிஸ்பிளேயைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

விமானக் கருவிகள் பழுதுபார்ப்பதாகச் சொல்லும் ஒரு தனியார் பட்டறை. பெயர் எழுதப்போவதில்லை. போனதும் பட்டறைக்காரர் தமிழில் பேசினார். "நமக்கும் வேலூர் பக்கம்தான் சார்" என்றார். டீ வரவழைத்தார். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு என் எதிரிலேயே பிரித்து, போர்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் அட்வான்ஸ் எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தார்: "பணம் எங்க சார் போகப்போவுது? மேல போறப்ப இது அணைஞ்சா உங்க வீட்ல என்ன ஆவாங்க, அதை நெனச்சுப் பாருங்க." அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அட்வான்ஸ் வேண்டாம் என்கிறவன் ஏமாற்றுவானா?

இரண்டு நாளில் போன். பவர் போர்டும் போச்சு, ஸ்க்ரீன் பேனலும் போச்சு, புது பேனல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மொத்தம் 86,500. பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் கூட ஆகும் சார், உங்களுக்கு எதுக்கு?" சரி என்றேன். ஜிபேயில் இரண்டு தவணையாக அனுப்பினேன். வாங்கப் போனபோது மேஜை மேல் இருபது நிமிடம் ஓட்டிக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. எரியாமல் என்ன?

மாட்டினோம். தரையில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்றுமில்லை. மறுநாள் தனியாக ஏறினேன். ஓடுதளத்துக்கு இணையாகத் திரும்பி வரும்போது, சுமார் ஆயிரம் அடியில், மறுபடியும் கறுப்பு. 912-இன் இக்னிஷன், அதாவது தீப்பொறி தரும் அமைப்பு, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதனால் இன்ஜின் நிற்காது. ஆனால் ஆயில் அழுத்தம் என்ன, சூடு என்ன, எதுவும் தெரியாது. பக்கத்தில் முள் வைத்த பழைய வேகமானியும் உயரமானியும் இருந்தன. அதைப் பார்த்து இறக்கினேன். இறங்கிய பிறகுதான் கால் நடுங்கியது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், "உங்க வயரிங்ல பிரச்சினை சார்." அடுத்த வாரம், "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்." அதற்கடுத்து, "நீங்களே கழட்டி மாட்டினதால வாரண்டி கிடையாது." நேரில் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், நாளைக்கு வாங்க என்று ஒரு பையன் சொல்லுவான். எங்கள் பக்கம் பழைய வீட்டுக் கதவுகளில் பேயை விரட்ட 'ஓ ஸ்த்ரீ ரேபு ரா' என்று எழுதி வைப்பார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். தினம் வந்து படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம் பேய். நாலு தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன்.

போன வாரம் சித்தப்பா ஊரிலிருந்து வந்தார். விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று ஓடுதளத்துக்கு அழைத்துப் போனேன். இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், டிஸ்பிளே கனெக்டரில் 10.9. வயர்க் கட்டைப் பிடித்து ஆட்டினார், இன்னும் இறங்கியது. "எர்த்தைப் பாருடா" என்றார். பேனலுக்குப் பின்னால் எர்த் வயரின் முனை பச்சை பூத்து, நட்டு லூசாக இருந்தது. மழை ஈரம். இன்ஜின் அதிரும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. சுரண்டி, புது முனை அழுத்தி, முறுக்கினார். முப்பது ரூபாய்கூட ஆகவில்லை.

அதாவது டிஸ்பிளேக்கு ஒரு நோயும் இருந்ததே இல்லை. அப்படியானால் 86,500-க்கு என்ன மாற்றினார்? அப்போதுதான் இடது மேல் மூலையைப் பார்த்தேன். கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு கொசு செத்துக்கிடக்கும், இரண்டு வருஷமாக. புதுப் பேனல் என்றாரே, அதிலும் அதே கொசு, அதே மூலை, அதே மடிந்த இறக்கை!

படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் செய்தால் அங்கே "உங்க ஊர்ல குடுங்க", இங்கே "சம்பவம் நடந்தது அங்கதானே". 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதைத்தான் செய்யப்போகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தாயிற்று.

விவரமாக யோசனை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கழற்றும் முன் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள், இன்ஜின் ஓடும்போது பாருங்கள். எர்த்தை ஆட்டிப் பாருங்கள். பில் இல்லாமல் பைசா கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, உள்ளே போர்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள். எல்லார் டிஸ்பிளேயிலும் கொசு இருக்காது.