பிஎச்பியின் தேதி, நேர வசதிகள்: ஒரு மதிப்பீடு

இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் பிஎச்பி நிரல் மொழியில் தேதியை அச்சிடப் பெரும்பாலோர் முதலில் எடுப்பது ‘டேட்’ என்ற பழைய ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்து தரும் ஆயத்த நிரல்துண்டை)த்தான். ஓர் எழுத்துக்கு ஒரு பொருள் என்ற அதன் ஏற்பாடு கற்க எளிது: சிறிய டி நாளையும், சிறிய எம் மாதத்தையும், பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டையும் தரும். நிமிடத்துக்கு மட்டும் ஐ என்பது பழகாதவர்களைத் தடுக்கி விழச் செய்கிறது. மணிக்கு அடுத்து ஐ இட வேண்டிய இடத்தில் எம் இட்டுவிட்டால், ஆகஸ்ட் மாதம் முழுவதும் 10:45 என்பது 10:08 எனத் தெரியும். அதுவும் நம்பத்தக்க நேரமாகவே இருப்பதால் சோதனையில் எவர் கண்ணிலும் படாது.

அச்சிடும் பக்கத்தில் இதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை. என் கவலையெல்லாம் உள்ளே வரும் தேதியை இந்த மொழி புரிந்துகொள்ளும் விதத்தில்தான். ‘ஸ்டர்டோடைம்’ ஃபங்ஷன் சாய்கோடு இட்ட தேதியை அமெரிக்க முறையிலும், நான்கு இலக்க ஆண்டோடு சிறுகோடோ புள்ளியோ இட்டதை நாள் முதலாகவும் படிக்கிறது. ஆகவே நம் ஊர்ப் படிவத்தில் ஒருவர் 05/08/2024 என்று ஆகஸ்ட் 5ஐ நிரப்பினால், அது மே 8 ஆகிவிடும். 25/08/2024 என்றால் இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால் தோல்வி என்ற மதிப்புத் திரும்புகிறது. அதைச் சரிபார்க்காமல் ‘டேட்’டிடம் கொடுத்தால், பொதுவான அமைப்பில் அது பூச்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, நேரக் கணக்கின் தொடக்கமான 1970 ஜனவரி 1 என்று அச்சாகிறது. நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என அமைந்திருந்தால் கூடவே காலை 5:30 என்றும் வரும். தளங்களில் காரணமின்றி 01-01-1970 05:30 தென்பட்டால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

இதற்கு மொழியிலேயே நல்ல மாற்று இருக்கிறது. ‘கிரியேட்ஃப்ரம்ஃபார்மேட்’ எந்த வரிசையில் தேதி வரும் என்பதை நம்மிடமே கேட்டுக்கொள்கிறது, ஊகிப்பதில்லை. ஆனால் வடிவத்தில் நேரத்தைக் குறிப்பிடாவிட்டால் அந்தக் கணத்தின் நேரத்தையே ஒட்டிக்கொள்ளும் என்பதால், வடிவத்தின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி இட்டு நேரத்தைப் பூச்சியமாக்க வேண்டும். 31/02/2024 போன்ற இல்லாத நாளை அது மறுக்காமல் மார்ச் 2 ஆக நகர்த்திவிடுகிறது. எச்சரிக்கை தனியே பதிவாகிறது, நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தாராளம் எனக்கு உடன்பாடில்லை.

கணக்கிடுவதற்கு 5.5 பதிப்பில் வந்த ‘டேட்டைம்இம்யூட்டபிள்’ கிளாஸையே (ஆப்ஜெக்ட் எனப்படும் தரவுப் பொருள்களை உருவாக்கும் வார்ப்பையே) பரிந்துரைக்கிறேன். பழைய ‘டேட்டைம்’ ஆப்ஜெக்டில் ஒரு நாளைக் கூட்டினால் அந்த ஆப்ஜெக்டே மாறிவிடும். அதை வேறோர் இடத்தில் பயன்படுத்தும் நிரலும் அறியாமலே தேதியை இழக்கும். புதியது மூலத்தைத் தொடாமல் விடையைத் தனியே தருகிறது. மாதக் கூட்டலில் மட்டும் இரண்டுமே ஒன்றுபோலத்தான்: ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரியைத் தாண்டி மார்ச்சில் போய் நிற்கும். மாதத் தவணை கணக்கிடும் மென்பொருள் எழுதுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தமிழில் தேதி காட்ட விரும்புவோருக்கு ‘டேட்’ உதவாது. அது எப்போதும் ஆங்கிலப் பெயர்களையே தரும். முன்பு கைகொடுத்த ‘ஸ்டர்எஃப்டைம்’ 8.1 பதிப்பிலிருந்து கைவிடும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இன்று சரியான வழி ‘இன்டல்டேட்ஃபார்மேட்டர்’: தமிழ் மொழி அமைப்பைக் கொடுத்தால், மாதப் பட்டியல் எதையும் நாம் எழுதி வைக்காமலே ‘15 ஆகஸ்ட் 2024, வியாழன்’ என அழகாக வருகிறது. இதன் எழுத்துக் குறியீடுகள் ‘டேட்’டினுடையவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும், இங்கே பெரிய ஒய் வாரக் கணக்கின்படியான ஆண்டு, சிறிய ஒய்தான் நாம் வழக்கமாகச் சொல்லும் ஆண்டு. மாற்றி இட்டால் ஆண்டு முழுவதும் ஒழுங்காகத் தெரிந்துவிட்டு, 2024 டிசம்பர் 30 அன்று 2025 என்று காட்டும்.

இந்த வசதி ‘இன்டல்’ என்ற கூடுதல் நீட்சியில் இருக்கிறது. தளத்தை இணையத்தில் ஏற்றி வைக்கும் எல்லா ஹோஸ்டிங் சேவைகளிலும் அது இயக்கப்பட்டிருக்காது என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.